கெளுத்தி ஏன் ஒளிஞ்சுக்குது? - ஒரு சின்ன சரித்திரம்

"காசு குடுத்து வாங்கினது பார்க்கறதுக்கா, இல்ல ஒளிஞ்சுக்கறதுக்கா?" கொளத்தூர் போய் சக்கர், பிக்டஸ்னு கெளுத்தி வகை மீன் வாங்கிட்டு வர்ற நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் புலம்பறாங்க. பகல் பூரா கல்லுக்குப் பின்னாடி, இல்லன்னா ஃபில்டருக்கு அடியில. உடம்பு சரியில்லையோன்னு மருந்து ஊத்தறவங்க உண்டு. குச்சி விட்டுக் கிளப்பறவங்களும் உண்டு. வெறுத்துப் போய் ஏரியில கொண்டு போய் விடறவங்களும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்துக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம்.

கதை நம்ம ஊர்லயே தொடங்குது. தரங்கம்பாடி அப்போ டேனிஷ்காரங்க கையில இருந்துச்சு. அங்க மிஷனரியா இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், கடற்கரையிலயும் குளத்துலயும் கிடைச்ச மீன்களைப் பதப்படுத்தி பெர்லினுக்கு அனுப்பிட்டே இருந்தார். அங்க அதை வாங்கிப் படம் போட்டு, பேர் வெச்சு, புத்தகமாக்கினவர் மார்க்கஸ் எலீசர் பிளாக். தொழிலால டாக்டர். இந்தியாவுக்கு வந்ததே இல்ல. 1794-ல அவர் பேர் வெச்ச தரங்கம்பாடி மீன்கள்ல ஒண்ணு நம்ம தேளி. கொட்டினா தேள் மாதிரி கடுக்குமே, அதே ஆசாமிதான். அவர் வெச்ச பேர் 'ஃபாசிலிஸ்'. லத்தீன்ல 'மண்ணுலேர்ந்து தோண்டி எடுத்தது'ன்னு அர்த்தம். அதாவது இந்த மீனோட அறிவியல் பேர்லயே அதோட ஒளிவிடம் இருக்கு!

தேளிக்கு செவுள் அறையிலேர்ந்து பின்பக்கமா நீளமா ரெண்டு காத்துப் பை உண்டு. தண்ணி வத்தினாலும் மேல வந்து காத்தைக் குடிச்சிட்டு ஈரச் சேத்துல கிடக்கும். எங்க ஆரணிப் பக்கம் ஏரி வத்தற நேரத்துல சேத்துல கைய விட்டு மீன் பிடிக்கறவங்களுக்கு இதெல்லாம் பாடமே இல்ல. எந்த வளையில கைய விடலாம், எதுல விட்டா முள்ளு ஏறும்னு விரலே சொல்லிடும். பிளாக் புத்தகத்துல எழுதறதுக்கு ரொம்ப முன்னாடியே கெளுத்தியோட குணம் இவங்களுக்கு அத்துப்படியா இருந்திருக்கும்னுதான் நினைக்கறேன்.

அப்புறம் வந்துச்சு கண்ணாடித் தொட்டி. 1853-ல லண்டன் மிருகக்காட்சி சாலையில பொதுமக்களுக்காக மீன் காட்சியகம் திறந்தாங்க. நம்ம மெரினாவுல 1909-ல வந்துச்சு. இங்கதான் சிக்கல். தொட்டி, பார்க்கறதுக்குன்னு கட்டினது. கெளுத்தியோ யார் கண்ணுலயும் படாம இருக்கறதுக்குன்னே உருவானது. செதில் கிடையாது, வேகமும் பெருசா கிடையாது. பகல் வெளிச்சத்துல மேல வந்தா கொக்குக்கு சாப்பாடு. அதனால பகல்ல பதுங்கல், ராத்திரியில வேட்டை. நாலு பக்கமும் கண்ணாடி வெச்சு, மேல ட்யூப்லைட்டும் போட்டா அது எங்க போகும்?

சரி, இருட்டுல எப்படி இரை தேடுது? தறிக்குழியில கால விட்டு உக்காந்து நெய்யறவர் மிதிக்கட்டையைக் குனிஞ்சு பார்க்கறதில்ல. காலுக்கே தெரியும். கெளுத்தியும் அந்த ஜாதிதான். மீசையில மட்டும் இல்லாம உடம்பு பூராவும் சுவை மொட்டு. 1917-ல அமெரிக்காவுல பார்க்கரும் வான் ஹூஸனும் கெளுத்தியோட கண்ணை மறைச்சிட்டு ஒரு பரிசோதனை பண்ணாங்க. கண்ணாடிக் குச்சி தொடற வரைக்கும் அது அசையல. உலோகக் குச்சியை சில சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டு வந்தாலே கண்டுபிடிச்சிருச்சு. தண்ணியில உலோகம் உண்டாக்கற மெல்லிய மின்சாரத்தை உணருதுன்னு அப்புறம் புரிஞ்சுது.

இதை விட எனக்குப் பிடிச்சது கார்ல் வான் ஃப்ரிஷ் கதை. தேனீ நடனத்துக்காக 1973-ல நோபல் வாங்கினாரே, அவரேதான். மீனுக்குக் காது கேக்காதுன்னு அப்போ பெரிய பெரிய ஆளுங்க சாதிச்சிட்டிருந்தாங்க. இவர் பார்வை நீக்கின ஒரு கெளுத்தியைத் தொட்டியில வளர்த்தார் (பாவம்தான், அந்தக் காலத்து முறை அப்படி). அது ஒளிஞ்சுக்க ஒரு குழாயும் வெச்சார். தினமும் இரை குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு விசில். சில நாள்ல இரையே இல்லாம விசில் மட்டும் அடிச்சாலும் குழாயை விட்டு வெளிய வந்துச்சு. 1923-ல இவர் எழுதின கட்டுரையோட தலைப்பே 'விசிலடிச்சா வரும் கெளுத்தி'ங்கற மாதிரிதான். இதுல ஒண்ணு கவனிங்க. அவர் மீனைக் குழாயிலேர்ந்து இழுத்து வெளிய போடல. ஒளிய இடம் குடுத்தார், அதுவா வந்துச்சு.

அதே ஆள் 1938-ல இன்னொண்ணும் கண்டுபிடிச்சார். ஒரு சின்ன மீனோட தோல் காயப்பட்டா அதுலேர்ந்து ஏதோ ஒரு வாசனை தண்ணியில கலக்குது. அது பட்டதும் கூட்டத்துல மத்ததெல்லாம் பதறி ஓடிடுது. அவர் பார்த்தது கெண்டை இனத்துக்காரங்களை. ஆனா கெளுத்தி வகைகளுக்கும் இந்த எச்சரிக்கை வாசனை உண்டு. புது மீனை வலையில போட்டு உரசிக் கொண்டு வந்து விட்டா பழைய மீனுங்களும் சேந்து பதுங்கறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

ஒளியறதுல டாக்டரேட் வாங்கினது யாருன்னா நம்ம பக்கத்து வீட்டுக் கேரளாக்காரங்கதான். 1950-ல ஏ.ஜி.கே. மேனன், கோட்டயத்துல கிணத்துல கிடைச்ச ஒரு கெளுத்தியை உலகத்துக்கு அறிவிச்சார். விரல் நீளம் கூட இல்ல, ரத்தச் சிவப்பு, கண்ணே கிடையாது. ஹோராக்ளானிஸ் கிருஷ்ணைன்னு பேர். செம்புறைப் பாறைக்கு அடியில இருக்கற நிலத்தடி நீர்தான் இதோட வீடு. கிணறு தூர் வாரும்போதோ, மோட்டார் போடும்போதோ தப்பித் தவறி மேல வந்தாத்தான் உண்டு. 2011-ல கிரிப்டோக்ளானிஸ்னு இன்னொரு நிலத்தடிக் கெளுத்தி. 2023-ல ஹோராக்ளானிஸ் பாப்புலி. பாப்புலின்னா 'மக்களோட'ன்னு அர்த்தம். கிணத்துலயும் குழாய்லயும் வந்த மீனைத் தூக்கிப் போடாம ஆராய்ச்சியாளர்கள்கிட்ட சொன்ன ஊர் ஜனங்களுக்கு மரியாதையா வெச்ச பேர். 1794-ல தோண்டி எடுத்தவன் பேர் எங்கயும் வரல. 2023-ல மொத்த ஜனமும் பேருக்குள்ளயே வந்துட்டாங்க. இந்த முன்னேற்றம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

இப்ப ஏரியில விடற மேட்டர். 'டேங்க் கிளீனர்'னு விக்கற சக்கர் மீன் தென் அமெரிக்காக்காரன். கடையில விரல் அளவு இருக்கும், வளந்தா ஒண்ணரை அடி. உடம்பு பூரா எலும்புக் கவசம், அதனால நம்ம ஏரியில அதைத் தின்ன ஆளில்ல. அது முட்டையிட்டுப் பதுங்கறதுக்குக் கரையில நீளமா வளை தோண்டும். மெக்சிகோவுலயும் ஃப்ளோரிடாவுலயும் கரை சரியற அளவுக்குப் போயிருக்கு. நம்ம ஊர் நீர்நிலைகள்லயும் ஏற்கெனவே புகுந்தாச்சு. ஒளியற குணம் அமேசான்ல அதைக் காப்பாத்துச்சு. அதே குணம் இங்க ஏரிக்கரையையும், நம்ம தேளி, கெளுத்தியோட இடத்தையும் காலி பண்ணுது. 'பாவம், நல்லா இருக்கட்டும்'னு விடற ஒரு மீன் செய்யற வேலை இது.

அதனால வளக்கறதா இருந்தா உடைஞ்ச மண்சட்டி ஒண்ணு, இல்ல ஒரு சாண் பி.வி.சி. பைப் போட்டு வைங்க. விளக்கை அணைச்சப்புறம் இரை போடுங்க. ஒளிய இடம் இருக்குன்னு தெரிஞ்ச மீன்தான் தைரியமா வெளிய வரும். வளக்க முடியலைன்னா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க, ஏரி மட்டும் வேணாம்.

உங்க ஊர்ல தேளிக்கு வேற என்ன பேர் சொல்றாங்க? தெரிஞ்சவங்க சொல்லிட்டுப் போங்க :-)