சீசர் காசும் சேரர் செப்பேடும்

நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இம்மாதம் ஒரு காசின் வரலாற்றைக் கூற விழைகின்றேன்.

நாமக்கல்லினின்று மோகனூர் சென்று காவிரியைக் கடப்போர்க்குக் கருவூர் அண்மையதே. அவ்வூர் அமராவதி ஆற்று மணலிலும், கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரிலும் பழைய உரோமக் காசுகள் கிடைத்துள்ளன. வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு கிடைத்த புதையலில் மட்டும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலன திபேரியஸ் என்னும் பேரரசன் (கி. பி. 14–37) வெளியிட்டவை. மேலைக்கடற்கரை முசிறித் துறையில் மிளகிற்கும் மணிகட்கும் விலையாக இறங்கிய பொருள், பாலைக்காட்டுக் கணவாய் வழியே கொங்குநாடு புகுந்தது.

அக்காசின் ஒருபுறம் அரசன் தலையும், அதனைச் சூழ ‘தெய்வமாகிய அகஸ்தஸின் மகன்’ என்னும் பொருள்பட இலத்தீன் எழுத்துக்களும் உள்ளன. அகஸ்தஸ் கி. பி. 14இல் இறந்தபின் உரோம ஆட்சி மன்றத்தார் அவனைத் தெய்வமெனத் தீர்மானித்தனர். நாடெங்கும் அவனுக்குக் கோயில்கள் எழுந்தன. உரோமரின் பழைய நிலப்படம் ஒன்றன் பிற்காலப் படி நமக்குக் கிடைத்துள்ளது. அதில் முசிறியின் அருகே அகஸ்தஸ் கோயில் குறிக்கப்பட்டிருத்தல் காண்க.

நம் முன்னோர்க்கு இது வியப்பாகத் தோன்றியிராது. இறை என்னுஞ் சொல் கடவுளையும் உணர்த்தும், அரசனையும் உணர்த்தும், அவனுக்குச் செலுத்தும் வரியையும் உணர்த்தும். கோயில் என்பதும் கோவின் இல்லமே அன்றோ?

ஆயின் யூதர்க்கோ இது உயிர்ப்பிரச்சினை ஆயிற்று. ஒரே கடவுளன்றிப் பிறிதொன்றை வணங்கலாகாது என்பது அவர்தம் நெறி. அரசனை வணங்க மறுத்த அவர்கள், அரசனுக்காகத் தம் கடவுளிடம் எருசலேம் கோயிலில் நாடோறும் பலியிட்டு வேண்டினர். உரோமரும் அதனை ஏற்றனர். கி. பி. 40இல் காலிகுலா என்னும் அரசன் தன் சிலையை அக்கோயிலுள் நிறுவ ஆணையிட்டான். சிரியா நாட்டுத் தலைவனாகிய பெத்ரோனியஸ், மக்கள் சாகத் துணிந்து நிற்றலைக் கண்டு காலந் தாழ்த்தினன். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அரசன் கொலையுண்டமையால் தீங்கு நீங்கிற்று. கி. பி. 66இல் அரசனுக்காக இடும் பலி நிறுத்தப்படவே போர் மூண்டது. கி. பி. 70இல் கோயில் அழிந்தது.

கிறிஸ்தவர் நிலை இன்னும் இடர்ப்பட்டது. கி. பி. 112 அளவில் பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி, கிறிஸ்தவர் அல்லேம் என்பாரைப் பேரரசன் உருவத்தின்முன் சாம்பிராணியும் மதுவும் படைக்கச் செய்து விடுவித்தான். கிறிஸ்தவரே என்று உறுதியாய் நின்றாரைக் கொல்வித்தான். திராயன் அரசன் விடையெழுதுங்கால், அவர்களைத் தேடிப் பிடித்தல் வேண்டா என்றும், பெயரிலாக் குற்றப் பத்திரங்களை ஏற்கலாகாது என்றும் பணித்தான். கி. பி. 250இல் தேசியஸ் என்பான் யாவரும் பலியிட்டுச் சான்றுச்சீட்டுப் பெறவேண்டும் என்று கட்டளையிட்டான். அச்சீட்டுகள் சில எகிப்து மணலில் இன்றும் கிடைத்துள்ளன. கி. பி. 313இல்தான் அன்னார்க்கு முழு உரிமை வாய்த்தது.

இதனை வகுப்பிற் கூறியபோது மாணாக்கன் ஒருவன், “ஐயா, ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுவிட்டு உயிர் பிழைத்திருக்கலாமே!” என்றான். சிட்டிகை சிறிதாயினும் அதனோடு சொல்லும் சொல் சிறிதன்று என்று விடையிறுத்தேன்.

இனி நம் சேரநாட்டைக் காண்போம். அகஸ்தஸ் கோயில் குறிக்கப்பட்ட அம்முசிறியே பின்னாளில் முயிரிக்கோடு எனப்பட்டது. கி. பி. 1000 அளவில் பாஸ்கர இரவி என்னும் சேர மன்னன் அங்கிருந்து, யூதத் தலைவராகிய யோசேப்பு இரப்பானுக்கு எழுபத்திரண்டு உரிமைகள் வழங்கிச் செப்பேட்டில் வட்டெழுத்தாற் பொறித்தளித்தான். அதற்கும் முன்னே கி. பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக் கிறிஸ்தவர்க்கு நிலமும் உரிமையும் செப்பேட்டில் அளிக்கப்பட்டன. வேற்று நெறியாரைத் தம் நெறியிற் பணிக்காமலே ஊரில் ஓரங்கமாக வைத்துக்கொண்டனர் நம் மன்னர்.

அன்பர்காள், இதனை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகட்குமுன் எங்களூர் மாரியம்மன் நோன்பிற்குத் தலைக்கட்டு வரி விதித்தகாலை, கிறிஸ்தவம் தழுவிய நம் இனத்துக் குடும்பம் ஒன்று, “ஊர்க்கிணற்றிற்கும் பாதைக்கும் எங்கள் பங்கைத் தருகிறோம், பூசைக்கு மட்டும் எங்களால் இயலாது” என்று பணிந்து கூறிற்று. கூட்டத்தார் வெகுண்டு, நல்லது கெட்டதுகட்கு அவ்வீட்டில் ஒருவரும் கால்வைக்கலாகாது என்று முடிவு செய்தனர். சில மாதங்கட்குள் அவ்வீட்டு முதியவர் காலமானார். பாடையெடுக்க நம்மவர் நால்வர் கூடவில்லை. யூதர் வரலாறும் பிளினி செய்தியும் கற்றிருந்த யானும் அக்கூட்டத்தில் வாய்மூடியிருந்தேன். அன்று துக்கத்திற்கும் செல்லவில்லை. அது இன்றும் என் நெஞ்சைச் சுடுகின்றது.

திபேரியஸ் காசு போன்றதொன்றைக் காட்டியே இயேசுநாதரிடம் வரி கொடுத்தல் முறையோ என்று வினவினர் என்பது அறிஞர் பலர் கருத்து. அரசுக்குரியது வேறு, கடவுட்குரியது வேறு என்பது அவர் விடையின் சாரம். நம் ஊர்க்கணக்கிலும் பொதுவரி ஓரேடாகவும், சாமி காணிக்கை மற்றோரேடாகவும் இருத்தல் வேண்டும். முன்னதை யாவரிடத்தும் பெறுக. பின்னதை விரும்பினாரிடத்தே பெறுக. அடுத்த நோன்பிற்குச் சாட்டுமுன் நம் பெரியோர் இதனை ஆராய்ந்து முடிவு செய்வாராக.