ஓட்டுப் போட ஜீப்பில் இலவசமா ஏற்றிவிட்டால் தப்பா? போடி மலைப்பாதையும் மக்களவைத் தேர்தல் வாகன விதிகளும்

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டுக்குப் போகும் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கேரள எல்லை தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகும் வண்டிகள் இவை. மக்களவைத் தேர்தல் நாளில் இந்த ஜீப்புகளைச் சுற்றி மூன்று கேள்விகள் எழும். அரசு வண்டியை எடுத்துக்கொள்ளலாமா? கட்சிக்காரர் வாடகைக்குப் பிடித்து ஓட்டர்களை ஏற்றலாமா? வேலைக்குப் போகாமல் ஓட்டுப் போட்டவருக்கு அன்றைய கூலி கிடைக்குமா?

போடி ஓட்டு எந்தத் தொகுதியில் எண்ணப்படும்?

தேனி மக்களவைத் தொகுதியில். போடி, கம்பம், பெரியகுளம், ஆண்டிபட்டி ஆகியவற்றோடு மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி, சோழவந்தானும் சேர்ந்து ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் வருகின்றன. ஆறிலும் பதிவான ஓட்டுகளைக் கூட்டி, யாருக்கு அதிகமோ அவரே எம்.பி. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் போடியில் ஓ.பன்னீர்செல்வத்திடம் தோற்ற தங்க தமிழ்ச்செல்வன், 2024-ல் தேனி எம்.பி. ஆனார்.

இலவசமா ஏற்றிப்போனால் என்ன ஆகும்?

பலரும் இதை உதவி என்றே நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. வேட்பாளரோ அவருடைய ஏஜெண்டோ, அவர்கள் சம்மதத்தோடு வேறு யாரோ, வாக்காளர்களை வாக்குச்சாவடிக்கு இலவசமாக ஏற்றிச் செல்ல வண்டி ஏற்பாடு செய்தால், 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(5) பிரிவின்படி அது ஊழல் நடவடிக்கை. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் இதே 123-ம் பிரிவில்தான் வருகிறது. 133-ம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. உயர் நீதிமன்றத்தில் நிரூபணமானால், ஜெயித்தவரின் வெற்றியே செல்லாமல் போகலாம். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தத் தொகுதியின் சாதாரண வாக்காளரே போடலாம்.

வண்டி ஃபோக்ஸ்வேகன் போலோவா, ரெனோ க்விட்டா, பழைய மகிந்திரா ஜீப்பா என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லை. சாலையில் ஓடும் எதுவும் வாகனம்தான். உங்கள் சொந்த சின்ன காரில் நீங்களும் குடும்பத்தினரும் போய் ஓட்டுப் போடலாம். வாக்குச்சாவடிக்கு 200 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்திவிட வேண்டும். டிக்கெட் எடுத்து பஸ்ஸில் போவதிலும் பிரச்சனை இல்லை. இதில் ஒரு வேடிக்கை: வாக்காளர்கள் பங்கு போட்டு வண்டி பிடிப்பதற்குச் சட்டம் வெளிப்படையாகத் தரும் விலக்கு, இன்ஜின் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். மாட்டுவண்டிக் காலத்து வாசகம் இன்னும் அப்படியே இருக்கிறது.

வாக்குப்பதிவு நாளில் வேட்பாளருக்கு ஒரு வண்டி, அவருடைய ஏஜெண்டுக்கு ஒன்று, கட்சித் தொண்டர்களுக்கு ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஒன்று. அவ்வளவுதான் அனுமதி. டிரைவரோடு சேர்த்து ஐந்து பேருக்கு மேல் ஏறக்கூடாது. கண்ணாடியில் பெர்மிட் ஒட்டியிருக்க வேண்டும்.

அரசு கேட்டால் ஜீப்பைக் கொடுத்தே ஆகணுமா?

ஆமாம். 160-ம் பிரிவின்படி, வாக்குப்பதிவுப் பெட்டிகளையும் அலுவலர்களையும் போலீஸையும் கொண்டுசெல்ல அரசு எழுத்து மூலம் உத்தரவிட்டு வண்டியை எடுக்கலாம். மறுத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் சும்மா எடுக்க முடியாது. அந்தப் பகுதியில் நடப்பில் இருக்கும் வாடகையின் அடிப்படையில் பணம் தர வேண்டும். தொகை குறைவு என்று நினைத்தால் உரிமையாளர் நடுவரிடம் போகலாம். உத்தரவின் நகலையும், வண்டி கொடுத்த நேரம், கிலோமீட்டர் கணக்கையும் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பிரிவு வண்டியோடு நிற்கவில்லை, விலங்கையும் எடுக்கலாம் என்கிறது. சும்மா எழுதி வைத்ததல்ல. குரங்கணிக்கு மேலே ரோடு போகாத குடியிருப்புகளுக்குக் குதிரை முதுகில் வாக்குப்பதிவு இயந்திரம் ஏறும் காட்சியைத் தேர்தல்தோறும் டிவியில் பார்த்திருப்பீர்கள்.

கேரளத் தோட்டத்தில் வேலை. தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு லீவு உண்டா?

போடிக்காரர்களுக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். 2024-ல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ம் தேதியும், கேரளத்தில் ஏப்ரல் 26-ம் தேதியும் வாக்குப்பதிவு நடந்தது. போடியில் ஓட்டு இருப்பவர் உடும்பன்சோலை தாலுகா தோட்டத்தில் வேலை பார்த்தால், அவருடைய வாக்குப்பதிவு நாளில் தோட்டம் வழக்கம்போலத் திறந்திருக்கும்.

ஆனாலும் அவருக்கு லீவு உண்டு, சம்பளமும் உண்டு. 135-பி பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வேலை செய்யும் இடம் தொகுதிக்கு வெளியே இருந்தாலும் இது பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் விளக்கியிருக்கிறது. தினக்கூலிக்காரர், "வேலை செய்தால்தான் கூலி" என்ற ஏற்பாட்டில் இருப்பவர் எல்லோரும் இதில் அடக்கம். அவர் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ ஏற்படும் என்ற நிலையில் மட்டும் விலக்கு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். இது ரொம்பக் குறைவு. இரண்டு மூன்று பேருக்குத் தரவேண்டிய ஒருநாள் கூலியே இதைத் தாண்டிவிடும். அதனால் உரிமை காகிதத்தில் இருக்க, ஜீப் மட்டும் அன்றும் மலையேறினால் ஆச்சரியப்பட முடியாது.

இன்னொன்று. மலைக்கு இரண்டு பக்கமும் பெயர் இருப்பவர்கள் ஒரு பக்கப் பெயரை நீக்கிவிடுங்கள். இரண்டு தொகுதியில் ஓட்டுப் போட்டால் இரண்டு ஓட்டும் செல்லாது.

இலவச வண்டி ஓடுவதைப் பார்த்தால் சி-விஜில் செயலியில் போட்டோ, வீடியோவோடு புகார் செய்யலாம்; 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் கணக்கு. போனில் சொல்ல 1950. நடக்க முடியாத பெரியவர்களுக்குக் கட்சி ஜீப் தேவையே இல்லை. 2024 தேர்தலில் 85 வயது தாண்டியவர்களும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களும் 12-டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்டார்கள். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும்.