தாப்பா மலைச் சடக்கு

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். தாப்பாவைத் தாண்டியதும் பஸ் வளைந்து வளைந்து ஏறும். பாதி வழியில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சியில் இறங்கி முகம் கழுவுவோம். ஆனால் அந்தச் சடக்கை வெட்டியவர்கள் யார் என்று கேட்டுப் பார்த்திருப்போமா?

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர், பேராக், பகாங் எல்லையிலுள்ள மலைகளை அளக்கச் சென்றார். குலோப் ரியாவ் என்ற மலாய்க்காரர் அவருக்குத் துணை நின்றார். மலைகள் சூழ்ந்த ஒரு மேட்டுநிலத்தைக் கண்டதாகக் கேமரன் எழுதி வைத்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அந்த இடத்தைத் திருத்தமாகக் குறித்த வரைபடம் பின்வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்குத்தான் அது மறைந்த இடம்; அந்தக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த செமாய் பூர்வகுடிகளுக்கு அது சொந்த ஊர். இருந்தும் பெயர் கேமரனுடையதாகவே நிலைத்தது.

நாற்பது ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் நேரில் சென்று பார்த்த பிறகுதான் அங்கே ஒரு குளிர்வாசத்தலம் அமைக்க அரசாங்கம் முடிவு செய்தது. 1926-இல் தாப்பாவிலிருந்து சடக்கு வெட்டும் வேலை தொடங்கியது. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சடக்கை முடிக்க ஐந்தாண்டுகள் ஆயின.

ஏன் இத்தனை காலம்? தாப்பா சமவெளியில் இருக்கிறது; தானா ராத்தாவோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேராகச் சடக்குப் போட்டால் பாரம் ஏற்றிய லாரி ஏறாது. சாய்வைக் குறைக்க வேண்டுமானால் தூரத்தைக் கூட்ட வேண்டும். மலையில் தூரத்தைக் கூட்ட ஒரே வழி, அதன் விலாவைச் சுற்றிச் சுற்றிப் போவதுதான். நம் பிள்ளைகளை வாட்டும் வளைவுகளுக்குக் காரணம் இதுவே. முதலில் பத்தாங் பாடாங் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்லும் சடக்கு, பிறகு மலைமேல் ஏறி, பகாங் எல்லையைத் தாண்டி, ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவை அடைகிறது.

நீராவி எந்திரங்கள் சில இருந்தன என்றாலும், மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்த கைகள்தாம் பெரும்பாலான வேலையைச் செய்தன. மேற்புறத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்புறம் தள்ளி, நடுவே சடக்குக்கு இடம் உண்டாக்க வேண்டும். பெருமழை பெய்தால் வெட்டிய சரிவு இடிந்து விழும். முதல் நாள் செய்த வேலையை மறுநாள் மறுபடியும் செய்ய வேண்டும். போதாததற்கு மலேரியா காய்ச்சல். காட்டுக்குள் கொட்டகை போட்டுத் தங்கியவர்களை அது சும்மா விடுமா? அந்தக் காலத்து மலாயாவில் சடக்கு வேலை, ரயில் வேலை என்றால் அதில் நம்மவர்கள் இல்லாமல் இருந்ததில்லை. அதிகாரிகளின் பெயர்கள் ஏட்டில் ஏறின. கூலிக்காரர்களின் பெயர்களை எந்த மைல்கல்லிலும் பொறிக்கவில்லை.

1931-இல் சடக்கு முடிந்தது. அது எப்படிப்பட்ட ஆண்டு என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உலகமெங்கும் பொருளாதார மந்தம்; ரப்பர் விலை பாதாளத்திற்குப் போய்விட்டது; வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாய்க் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு பக்கம் துரைமார்கள் குளிர்காயப் புதிய சடக்கு, மறுபக்கம் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை முடிச்சோடு நின்ற குடும்பங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தச் சடக்கின் கதையைச் சொல்வது நியாயமாகாது என்பது எங்கள் எண்ணம்.

சடக்கு போட்டதன் நோக்கம் ஒன்று. அதனால் விளைந்தது வேறு. 1929-இலேயே ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியிருந்தார். தேயிலைத் தூளைக் கீழே இறக்கவும் அரிசியை மேலே ஏற்றவும் இந்தச் சடக்கே வழியானது. கொழுந்து பறிக்க நம் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். லயங்கள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன. சீனர்கள் சரிவுகளில் காய்கறி பயிரிட்டார்கள். ஓய்வெடுக்க வந்த துரைமார்களைக் காட்டிலும் உழைக்க வந்தவர்களே மலையில் நிலைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் பகாங்கின் மற்றப் பகுதிகளிலிருந்து அங்கே காரில் போக வேண்டுமானால், பேராக்கிற்குள் வந்து தாப்பாவில்தான் ஏற வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கு இதே நிலைதான். 2000-க்குப் பிறகு ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து அகலமான வேறொரு சடக்கு வந்தது. அதன்பின் சுங்கை கோயான் வழியாகப் பகாங்கிற்குள்ளேயே ஒரு வழியும் திறந்தது. புதிய சடக்கில் வளைவுகள் குறைவு, பயணமும் சுலபம். ஆனாலும் தாப்பாவிலிருந்து ஏறுகிற பஸ்ஸும் லாரியும் இன்றும் ஓய்ந்துவிடவில்லை. பெருமழை பெய்தால் அன்றுபோலவே இன்றும் எங்காவது ஓரிடத்தில் மண் சரிந்து வழியை அடைக்கிறது, சடக்கு வேலையாட்கள் வந்து அள்ளுகிறார்கள்.