வலை வழங்கி வந்த வழி

பாலக்காட்டுச் சீமையில், தமிழக எல்லையோரம் உள்ளது எருத்தேன்பதி. அங்கே ஒரு தமிழ் மாணவன் கைப்பேசியில் திருக்குறளைத் தேடுவதாகக் கொள்வோம். நூலை எடுத்துக் கொடுப்பவர் யார்? எங்கோ அல்லும் பகலும் அணையாத கணிப்பொறியில் காத்திருக்கும் ஒரு மென்பொருள். அதனை வலை வழங்கி என்கிறோம். கேட்ட பக்கத்தைத் தேடி அனுப்பும். இல்லையேல் 404 என்று கைவிரிக்கும்.

முதல் வழங்கியை 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜினீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் இயற்றினார். அப்பொறியை எவரும் நிறுத்திவிடலாகாதென்று அதன்மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்! பின்னர் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மெக்கூல் மற்றொன்றை எழுதினார். 1994-இல் அவர் விலகவே, அது பேணுவாரின்றி நின்றது. பயன்படுத்தியோர் சிலர் தத்தம் திருத்தங்களை மின்னஞ்சலில் பரிமாறி, 1995-இல் அப்பாச்சி என்னும் பெயரில் வெளியிட்டனர். அதற்கு விலையில்லை, மூலநிரலிலும் மறைவில்லை. ஓராண்டில் அதுவே உலகில் முதலிடம் பெற்றது. ஊர்க்குளத்தை ஊரார் கூடித் தூர்வாரிய கதையாகவே நமக்கு இது தோன்றுகிறது.

ஒரே பொறியில் பல தளங்களை வைத்துப் பேணவும் அப்பாச்சி இடமளித்தது, செலவு பங்கிடப்பட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற ஊதியம் கருதாத் தமிழ்ப்பணிகளுக்கு இத்தகைய மலிவு பெருந்துணை. சுவிட்சர்லாந்திலிருந்து அதனை ஒருங்கிணைத்தவர் கல்யாணசுந்தரம். தட்டச்சிட்டோரும் பிழைதிருத்தியோரும் நம்மைப்போல் பல நாடுகளில் சிதறி வாழ்ந்தவர்கள்.

ஆயினும் வழங்கி நின்றால் பக்கமும் இல்லை. 2009-இல் ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இடம் மூடப்பட்டபோது, படியெடுத்து வைக்கப்படாத பக்கங்கள் மறைந்தே போயின. மதுரைத் திட்ட நூல்களையோ, முகப்புக் குறிப்பை மாற்றாமல் எவரும் படியெடுத்துப் பரப்பலாம்.