பாசறையில் பிறந்த உல்லாஸ்நகர்

ஊர்ப்பெயர்கள் கல்லில் பொறிக்கப்படாத வரலாற்றுச் சாசனங்கள் ஆகும். கல்யாண் சந்திப்பைக் கடந்து அம்பர்நாத் நோக்கிச் செல்லும் மின்ரயிலில் நம்மவர் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். விட்டல்வாடியை அடுத்து உல்லாஸ்நகர் நிலையத்தையும் காண்கின்றனர். உல்லாசம் என்றால் களிப்பு என்பது தமிழர்க்கும் தெரிந்த பொருளே. அருகே ஓடும் ஆற்றின் பெயரும் உல்லாஸ் என்பதே. ஆயினும் அவ்வூர் பிறந்தது களிப்பிலன்று, கண்ணீரில். அதற்கு அப்பெயர் சூட்டியவர் தமிழர் ஒருவர் என்பதை நம்முள் அறிந்தோர் சிலரே.

இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கில அரசு கல்யாணுக்கு அருகே இராணுவ இடைத்தங்கல் முகாம் ஒன்றை அமைத்தது. பம்பாய்த் துறைமுகத்துக்கும் உள்நாட்டுக்கும் இடையே இருப்புப்பாதை வசதி பெற்ற அவ்விடம், படைகளைத் தங்கவைத்து அனுப்புவதற்கு ஏற்றதாய் இருந்தது. 6,000 போர்வீரரும் மற்றோர் 30,000 பேரும் தங்கத்தக்கதாக எழுந்த அம்முகாமில் 2,126 பாரக்குகளும், சுமார் 1,173 தனிக்குடியிருப்புகளும் இருந்தன. நடுவே நீண்ட கூடமும் இரு முனைகளிலும் அறைகளும் கொண்டவை அந்தப் பாரக்குகள். 1945-இல் போர் முடிந்தது, வீரர் அகன்றனர், முகாம் வெறிச்சோடியது.

இரண்டே ஆண்டுகளில் அவ்வெறுமை நிரம்பிற்று. 1947-இல் நாடு பிரிந்தபோது பஞ்சாபும் வங்காளமும் இரண்டாய்ப் பிளவுண்டன. சிந்து மாகாணமோ முழுமையாகப் பாகிஸ்தானுக்குச் சென்றது. பஞ்சாபி அகதிக்கு இப்பாலும் ஒரு பஞ்சாபு இருந்தது. சிந்தி இந்துவுக்கோ, தன் மொழி வழங்கும் மண் என்று இந்தியாவில் ஒரு பிடியும் எஞ்சவில்லை. 1948 ஜனவரியில் கராச்சியில் கலவரம் மூண்டபின் வெளியேற்றம் பெருகியது. 1936 வரை சிந்து பம்பாய் மாகாணத்தோடு இணைந்திருந்தமையாலும், கராச்சியிலிருந்து கடல்வழி எளிதாயிருந்தமையாலும் பல்லாயிரவர் கப்பலேறிப் பம்பாய்க் கரை சேர்ந்தனர். அவர்களில் ஒரு இலட்சம் பேர் அளவில் கல்யாண் முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

கராச்சியிலும் ஐதராபாத்திலும் மாளிகைகளில் வாழ்ந்தோர் பலர், ஒரே கூடத்தைச் சாக்காலும் சேலையாலும் தடுத்துக் குடும்பம் நடத்தினர். தண்ணீருக்கு வரிசை, பங்கீட்டுக்கு வரிசை என நாட்கள் கழிந்தன. எனினும் 'சரணார்த்தி', அதாவது அடைக்கலம் தேடி வந்தோர், என்று தம்மைப் பிறர் அழைப்பதை அவர்கள் விரும்பவில்லை. உழைப்பால் உயர்வோர் எனப் பொருள்படும் 'புருஷார்த்தி' என்ற சொல்லையே விரும்பினர்.

1949 ஆகஸ்டு 8-ஆம் நாள், அன்றைய கவர்னர் ஜெனரல் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் அங்கே அடிக்கல் நாட்டி, முகாமுக்கு உல்லாஸ்நகர் எனப் பெயரிட்டார். நாடிழந்தோர் ஊரை அகதி முகாம் என்று காலமெல்லாம் அழைத்தால் அவ்வூரின் குழந்தையும் அகதியாகவே வளரும். அதனால்தான் அப்பெயரை நாம் வாழ்த்தாகக் கொள்கிறோம்.

வாழ்த்து வீண்போகவில்லை. பாரக்குகளின் முகப்புகளில் தோன்றிய சிறுகடைகள் காலப்போக்கில் அங்காடிகளாயின. மரச்சாமானும் ஜீன்ஸ் உடையும் அவ்வூரின் அடையாளமாயின. 'யு.எஸ்.ஏ. தயாரிப்பு' என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் தயாரிப்பு என்னும் வேடிக்கைப் பேச்சு மும்பை முழுதும் வழங்குவது. நிழலும் உண்டு. சாயக்கழிவால் வால்துனி ஆறு கெட்டது. நெரிசலில் விதிமீறிய கட்டடங்கள் பெருகி, அவற்றை முறைப்படுத்த 2006-இல் தனிச்சட்டமே தேவைப்பட்டது. இன்றும் அங்கே வட்டாரங்கள் முகாம் 1 முதல் 5 வரை எண்ணால் அழைக்கப்படுகின்றன; முகவரிகளில் பாரக் எண்ணும் நிலைத்திருக்கிறது. சிப்பாய்க்கு இட்ட எண் வணிகனின் விலாசமாயிற்று!

இத்தகைய வரலாறு நமக்கு அயலன்று. நம்மவர் மிகுந்து வாழும் செம்பூரிலும் சிந்தி முகாம் உண்டு. தமிழகத்து மண்டபம் முகாமோ, இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளரைத் தடுத்து வைத்த இடம். 1983-க்குப் பின் அதுவே ஈழத்து ஏதிலியர்க்குப் புகலிடமாயிற்று.

ஆனால் சிந்தியர் வாழ்வில் நாம் கருத்தூன்றிக் காணவேண்டியது மொழியின் நிலையே. ஷா அப்துல் லத்தீப்பின் பாடல்களைப் பெற்ற அம்மொழி 1967-இல் நம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் பதினைந்தாம் மொழியாக இடம்பெற்றது. ஏட்டில் இடம் கிடைத்தது. வீட்டில் இடம் சுருங்குகிறது. அரபு எழுத்தா, தேவநாகரியா என்ற வழக்கு நீண்டது. சிந்திவழிப் பள்ளிகள் குறைந்தன. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலாத வீடுகள் பல. செல்வத்தை மீட்டெடுத்த கைகளுக்கு மொழியை மீட்பது அரிதாயிற்று.

நமக்கோ பின்னால் தமிழகம் இருக்கிறது. அந்தத் துணிவிலேயே மும்பைத் தமிழர் பலர் தம் மக்களுக்குத் தமிழெழுத்தைக் கற்பிக்காது விடுகின்றனர். தாய்நிலம் இருந்தும் மொழியை இழப்போமாயின், நிலமிழந்து மொழிக்காகப் போராடும் அம்மக்களின் முன் நாம் என்ன விடை சொல்வோம்? சங்கத்தின் தமிழ் வகுப்புக்கு ஒவ்வோர் இல்லத்திலிருந்தும் ஒரு பிள்ளையேனும் வருமாயின், அதுவே நம் விடையாகும்.