மண்ணுக்குள் பிறந்த ஒயின்

ஜார்ஜியாவின் கிழக்கே ககேத்தி என்றொரு வட்டாரம். வடக்கே காகசஸ் மலைத்தொடர், அதன் அடியில் அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள். தலைநகர் திபிலீசியிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். இங்கே வரும் பயணிகள் பலரும் ஓர் அனுபவத்தைத் தேடி வருகிறார்கள். கிராமத்து வீடு ஒன்றில், ஒயின் செய்பவரே பக்கத்தில் இருந்து விளக்கிச் சொல்ல, அந்த வீட்டு ஒயினையும் அந்த வீட்டுச் சமையலையும் சேர்த்துச் சுவைப்பதுதான் அது.

சாப்பாட்டு மேசைக்கு முன்னால் மரானிக்குள் அழைத்துப் போவார்கள். ஒயின் வைக்கும் அறைக்கு அங்கே அதுதான் பெயர். பீப்பாய்கள் அடுக்கியிருக்கும் என்று நினைத்து நுழைகிறவர்களுக்கு அறை காலியாகத் தெரியும். தரையில் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு வாய்க்குக் கீழேயும் பெரிய மண்சாடி ஒன்று கழுத்துவரை புதைந்து கிடக்கிறது. அதற்குப் பெயர் க்வெவ்ரி.

இந்தச் சாடி எங்கே பிறந்தது, எத்தனை ஆட்சிகளைத் தாண்டி வந்தது, ஒரு வீட்டின் நிலவறைப் பழக்கம் ஊர்விட்டு ஊர் வரும் பயணியின் மேசைக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனால், நடுவில் ஓர் உண்மை அகப்படுகிறது. விற்பனைக்காகச் செய்த ஒயின் அந்த நாட்டில் பலமுறை சரிந்திருக்கிறது. விருந்தாளிக்கென்று வீட்டில் செய்த ஒயின்தான் அறுபடாமல் வந்திருக்கிறது.

எட்டாயிரம் ஆண்டுக் கறை

திபிலீசிக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் கடாச்ரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்று இரண்டு மேடுகள் உள்ளன. புதிய கற்கால மக்கள் வாழ்ந்த இடங்கள். அங்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளை அமெரிக்க ஆய்வாளர் பேட்ரிக் மெக்கவர்னும் ஜார்ஜிய ஆய்வாளர்களும் வேதியியல் முறையில் ஆராய்ந்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓட்டுக்குள் ஊறியிருந்தது டார்டாரிக் அமிலம். அந்த வட்டாரத்தில் இந்த அமிலம் மிகுந்த பழம் திராட்சைதான். கூடவே ஒயினில் இருக்கும் வேறு அமிலங்களும் கிடைத்தன. காலம் கி.மு. 6000-ஐ ஒட்டியது. அதுவரை ஈரானின் ஹஜ்ஜி ஃபிரூஸ் மேட்டில் கிடைத்த, கி.மு. 5400-ஐ ஒட்டிய சாடிகளைத்தான் மிகப் பழைய திராட்சை ஒயினுக்குச் சான்றாகக் காட்டிவந்தார்கள். இந்த ஒரு கறை அந்தக் கணக்கை அறுநூறு ஆண்டு பின்னால் தள்ளியது.

அந்தச் சாடிகள் இன்றைய க்வெவ்ரி அல்ல. அவற்றின் அடி தட்டை. தரையில் நிற்க வைக்கும் பாண்டங்கள். பிறகு வந்த தலைமுறைகள் சாடியைப் பெரிதாக்கின, அடியைக் குறுக்கிக் கூராக்கின, கடைசியில் மொத்தமாக மண்ணுக்குள் இறக்கின. நம் அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போரா ஜாடிகளை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஆம்போரா கப்பலேறி வந்த பாண்டம். தூக்குவதற்கு இரண்டு கைப்பிடி வைத்தது. க்வெவ்ரிக்குக் கைப்பிடியே கிடையாது. ஒருமுறை புதைத்தால் பேரன் காலத்திலும் அது அதே குழியில்தான் இருக்கும்.

குயவரின் பொறுமை

க்வெவ்ரியைச் சக்கரத்தில் வனைய முடியாது. சில நூறு லிட்டரிலிருந்து இரண்டாயிரம் லிட்டர்வரை கொள்ளும் சாடியை எந்தச் சக்கரம் தாங்கும்? இமெரெதி வட்டாரத்து மகத்துபானி, ககேத்தியின் வர்திசுபானி போன்ற ஊர்களில் குயவர்கள் மண்ணைத் தடித்த கயிறாக உருட்டி, சுற்றுச் சுற்றாக அடுக்கிக் கையால் எழுப்புகிறார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து விரற்கடை உயரம்தான். அந்தச் சுற்று இறுகாமல் அடுத்ததை ஏற்றினால் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். அதனால் பட்டறையில் பல சாடிகளை ஒரே நேரத்தில் வரிசையாக வளர்க்கிறார்கள். குயவர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுற்றி வருவதற்குள் முதல் சாடி அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். சாடி தோளுக்கு மேல் போனதும் ஏணி போட்டு வேலை நடக்கும். இப்படி வாரக்கணக்கில் ஆகிறது.

பிறகு சூளை. சாடிகளை உள்ளே வைத்து, வாசலைச் செங்கல்லால் அடைத்து, ஒரு வாரம் போல இரவு பகலாக விறகு போட்டு எரிக்கிறார்கள். வெப்பம் 1000 டிகிரியைத் தாண்ட வேண்டும். சுட்டு எடுத்த சாடியில் சூடு தணியும் முன்பே உட்புறம் தேன்மெழுகு பூசுகிறார்கள். உருகிய மெழுகு மண்ணின் நுண்துளைகளுக்குள் இறங்கி அவற்றை அடைக்கிறது. ஒயின் கசியாது, கழுவவும் எளிது. வெளிப்புறம் சுண்ணாம்புப் பூச்சு. இத்தனையும் முடிந்த பின்தான் குழியில் இறக்குகிறார்கள்.

சாடிக்குள் நடப்பது

செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. ர்த்வேலி என்ற அந்த நாட்களில் நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள்கூட ஊர் திரும்பிவிடுவார்கள். பழத்தை மரத்தொட்டியில் கொட்டி மிதித்துச் சாறு எடுக்கிறார்கள். ககேத்தி முறையில் சாறு, தொலி, விதை, காம்பு எல்லாம் ஒன்றாகச் சாடிக்குள் போகின்றன. ஈஸ்ட் எதையும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. பழத்தொலியோடு வரும் நுண்ணுயிர்களே நொதிக்க வைக்கின்றன.

நொதிக்கும்போது தொலி மேலே மிதந்து மூடாக்குப் போல் கட்டிக்கொள்ளும். அதை ஒரு நாளில் பலமுறை கழி கொண்டு அமுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து புளித்துவிடும். கொதிப்பு அடங்கியதும் எல்லாம் மெல்லக் கீழே இறங்குகிறது. சாடிக்கு முட்டை வடிவம் கொடுத்ததன் அருமை இங்கேதான் தெரியும். கனத்த விதைகள் முதலில் போய்க் கூர் அடியில் ஒடுங்குகின்றன. அவற்றின்மேல் மண்டி படிகிறது. விதையின் கசப்பு அடியிலேயே அடைபட்டுக் கிடக்க, ஒயின் மேலே தெளிகிறது. சுற்றியுள்ள மண் கோடையிலும் பனியிலும் குளிர்ச்சியை ஒரே சீராக வைத்திருக்கிறது. வாயைக் கல் மூடியால் மூடி, ஈரக் களிமண்ணால் பூசிவிட்டால் மறு வசந்தம்வரை திறப்பதில்லை.

வெள்ளைத் திராட்சை இப்படித் தொலியோடு ஐந்தாறு மாதம் கிடந்து வெளிவரும்போது வெளிர் நிறத்தில் இருப்பதில்லை. தேநீர் வடித்தது போன்ற பொன்னிறமும் திடமான துவர்ப்பும் ஏறியிருக்கும். உலகம் இன்று ஆம்பர் ஒயின் என்று கொண்டாடுவது இதைத்தான்.

ஒயினை எடுத்த பிறகு வரும் வேலைதான் கடினம். நீண்ட கழியின் முனையில் செர்ரி மரப்பட்டை அடுக்குகளைக் கட்டி, வெந்நீர் ஊற்றி, சாடியின் உட்புறத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். பெரிய சாடியானால் ஆளே உள்ளே இறங்கித் தேய்ப்பதும் உண்டு. கழுவிய நீர் குடிநீர் போலத் தெளியும்வரை விடுவதில்லை. கழுவலில் ஏமாற்றினால் அடுத்த ஆண்டு ஒயின் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கோயில், கோமகன், கூட்டுப் பண்ணை

நான்காம் நூற்றாண்டில் ஜார்ஜியாவுக்குக் கிறித்தவத்தைக் கொண்டுவந்த புனித நீனோ, திராட்சைக் கொடிகளைத் தன் கூந்தலால் கட்டிச் சிலுவை செய்தார் என்பது மரபு. மதமும் கொடியும் அப்படிப் பிணைந்ததால் மடாலயங்கள் மரானிகளைக் காத்தன. ககேத்தியின் அலாவெர்தி மடாலயத்தில் துறவிகள் இன்றும் க்வெவ்ரியில் ஒயின் செய்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் கவிஞரும் படைத்தலைவருமான அலெக்சாண்டர் சவ்சவாட்ஸே, சினந்தாலியில் ஐரோப்பிய முறையில் ஒயினைப் புட்டியில் அடைக்கத் தொடங்கினார். அவர் மாளிகையின் சேமிப்பில் 1841-ஆம் ஆண்டு சபெராவி ஒயின் இருக்கிறது.

அடுத்து வந்தது சோவியத் காலம். ஒயின் அரசாங்கத் தொழிற்சாலைக்குப் போனது. அளவு கூட வேண்டும் என்பதே திட்டம். ஜார்ஜியாவுக்கே உரிய திராட்சை வகைகள் 500-க்கு மேல் இருக்க, தொழிற்சாலைக்கு ஒத்துவந்த சிலவற்றையே பரவலாக நட்டார்கள். க்வெவ்ரி தொழிற்சாலைக்கு ஒத்துவராது. கணக்கிலிருந்து அது விழுந்துவிட்டது. 1985-ல் கோர்பச்சேவ் மது ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது தோட்டங்களும் வெட்டுப்பட்டன.

எனக்கு இந்தக் கதையில் மிகப் பெரிதாகப் படுவது அந்த எழுபது ஆண்டுகளில் வீடுகள் செய்த காரியம். வீட்டுப் பின்கட்டில் சில வரிசைக் கொடிகள், நிலவறையில் ஒன்றிரண்டு க்வெவ்ரி. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பண்டிகைக்கும் வருகிறவர்களுக்கு ஊற்ற வேண்டுமே என்று குடும்பங்கள் ஆண்டுதோறும் செய்துகொண்டே இருந்தன. விலை போடாத ஒயின் என்பதால் சந்தை போனாலும் அது போகவில்லை.

மூடிய கதவு, திறந்த வாசல்

2006-ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. ஏற்றுமதியின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருந்த நாடு ஒரே நாளில் கதவைச் சாத்தியது. இனிப்பு தங்கிய சிவப்பு ஒயினை மொத்தமாகச் செய்து ரஷ்யாவுக்கு அனுப்பியே பழகிய நிறுவனங்கள் திணறின. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் போய் விற்க வேண்டுமென்றால், எங்களிடம் மட்டும் இருப்பது இது என்று காட்ட ஒன்று வேண்டும். அது வீட்டு நிலவறைகளில் இருந்தது.

வெளியுலகத்துக்கு அதன் வாசனை ஏற்கெனவே எட்டியிருந்தது. இத்தாலியின் ஃப்ரியுலி பகுதியில் பெயர் பெற்ற யோஷ்கோ கிராவ்னர், ஜார்ஜியாவுக்கு வந்து பார்த்துவிட்டு, 2001 அறுவடையிலிருந்து தன் ஒயினைக் க்வெவ்ரியில் செய்யத் தொடங்கிவிட்டார். 2007-ல் அமெரிக்க ஓவியர் ஜான் வூர்டெமனும், தலைமுறையாக ஒயின் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த கேலா பதலிஷ்விலியும் சிக்னாகி ஊரில் ஃபெசன்ட்ஸ் டியர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். க்வெவ்ரி ஒயின், அதன் பக்கத்திலேயே ஊர்ச் சமையல் என்ற அவர்கள் வழி பலருக்கு முன்மாதிரியானது. 2013-ல் க்வெவ்ரி ஒயின் முறையை யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ரஷ்யச் சந்தை மீண்டும் திறந்ததும் அதே ஆண்டுதான். அதற்குள் சிறு குடும்பங்கள் பல, வீட்டு வாசலைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டிருந்தன.

மேசையில் தெரியும் மரபு

அந்தக் குடும்பங்கள் புதிதாக எதையும் புனையவில்லை. சுப்ரா என்ற விருந்து அங்கே ஏற்கெனவே இருந்தது. தமதா என்ற விருந்துத் தலைவர் எழுந்து, அமைதிக்காக, நாட்டுக்காக, இறந்தவர்களுக்காக, குழந்தைகளுக்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வாழ்த்துவார். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் கோப்பையை வாயில் வைப்பதில்லை. இன்றைய சுவைப்பு விருந்தில் வழிகாட்டி ஏற்பது தமதாவின் வேலையைத்தான். வாழ்த்தோடு, தோட்டத்தையும் சாடியையும் பற்றிய செய்திகளையும் சேர்த்துக்கொள்கிறார்.

நல்ல வழிகாட்டி ர்கட்சிதேலி என்ற ஒரே வெள்ளைத் திராட்சையை இரண்டு கோப்பையில் ஊற்றித் தொடங்குவார். முதலாவது தொலி நீக்கி எஃகுத் தொட்டியில் செய்தது. வெளிர் நிறம், பச்சை ஆப்பிள் புளிப்பு. இரண்டாவது க்வெவ்ரியிலிருந்து நீண்ட காம்பு கட்டிய சுரைக்குடுக்கையால் மொண்டது. உலர்ந்த ஆப்ரிகாட், தேன், கட்டன் சாயா எல்லாம் சேர்ந்த மணம். நாக்கின் இரு ஓரத்திலும் துவர்ப்பு பிடித்து இழுக்கும். முதல் வாய்க்கு இது பலருக்கும் முரட்டுத்தனமாகத் தோன்றும்.

அப்போதுதான் தட்டுகள் வரும். கத்திரிக்காயை நீளவாக்கில் சீவி வதக்கி, பூண்டும் வால்நட்டும் அரைத்த விழுதை உள்ளே வைத்துச் சுருட்டிய பட்ரிஜானி. வேகவைத்த கீரையை வால்நட், கொத்தமல்லியோடு பிசைந்து, மேலே மாதுளை முத்து வைத்த ப்கலி. களிமண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்ட ஷோட்டி ரொட்டி. சீஸ் வைத்த கச்சபுரி. வால்நட்டின் எண்ணெயும் சீஸின் கொழுப்பும் வாயில் படிந்திருக்க, இன்னொரு வாய் ஆம்பர் ஒயின் குடித்துப் பாருங்கள். முரடாகத் தெரிந்த துவர்ப்பு இப்போது வாயைத் துடைத்துவிடுகிறது. அடுத்த கவளத்துக்கு நாக்கு தயாராகிறது. இந்த ஒயினையும் இந்தச் சமையலையும் ஒரே வீடுதான் வளர்த்தது என்பது அந்த வாயில் விளங்கிவிடும். பிறகு சபெராவி. சதைவரை சிவந்த திராட்சை அது. ஒயின் கருநீலத்தை நெருங்கும் சிவப்பு. கவாத்து செய்த திராட்சைக் குச்சிகளை எரித்த தணலில் வாட்டிய ம்ட்ஸ்வாதி இறைச்சி அதற்குத் துணை.

மது தொடாதவர்களுக்கும் அந்த மேசையில் இடம் உண்டு. திராட்சைச் சாற்றை மாவோடு காய்ச்சி, நூலில் கோத்த வால்நட்டை அதில் முக்கி முக்கி உலர்த்திய சுர்ச்கேலாவைக் கடித்தாலே அறுவடையின் ருசி தெரிந்துவிடும்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேருந்து பேருந்தாக இறக்கிவிடும் பெரிய கூடங்களை விட்டுவிட்டு, சொந்தக் கொடியில் காய்த்ததைச் சொந்தச் சாடியில் ஊறவைக்கும் குடும்பத்தைத் தேடிப் போங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். கோப்பைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கேள்விகளைக் கூட்டுங்கள். சாடி யார் வனைந்தது, எந்த ஊர் மண் என்று கேளுங்கள். ஜார்ஜியாவின் மொத்த ஒயினில் க்வெவ்ரி ஒயின் இன்றும் சிறு பங்குதான். க்வெவ்ரி வனையத் தெரிந்த குடும்பங்களும் கொஞ்சமே. ஒரு வீட்டு மேசையில் உட்கார்ந்து நாம் கொடுக்கும் பணம் அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு சாடி வாங்க உதவினால், ஒரு குயவருக்கும் வேலை கிடைக்கும். விருந்தாளியால் பிழைத்த மரபுக்கு விருந்தாளி செய்யக்கூடிய கைம்மாறு அது.