செந்தூல் பட்டறை சொல்லும் பாடம்

எனக்கு முன் பேசிய நண்பர், "தொழிற்சாலை வேலை என்றாலே நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்களே, ஏன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நம் சமூகம் எப்போதும் அப்படி இருந்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே ஒரு தொழிலின் பெயர்தான். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதில் செங்கல் கட்டடங்கள் எழுந்தன. அதற்கான சூளைகள் இருந்த இடம் அது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. ரயிலோடு தமிழர்களும் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் அமர்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பலர் தண்டவாளம் போட்டார்கள். சிலர் பட்டறைக்குள் நுழைந்தார்கள். அந்தச் சிலரைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செந்தூலில் ரயில்வேயின் மத்தியப் பட்டறை எழுந்தது. நீராவி இன்ஜினைப் பிரித்து மேய்ந்து, தேய்ந்த பாகத்தை அங்கேயே வார்த்து, கடைந்து, மறுபடி பூட்டி ஓட விடுவார்கள். கொல்லர், வார்ப்புக்காரர், கொதிகலன் வேலைக்காரர், பிட்டர், டர்னர் என்று எத்தனை தொழில்கள்! அரம் பிடிக்கப் பழகிய பையன், பெரியவர் ஒருவரின் கீழ் வருடக்கணக்கில் நின்று கடைசல் இயந்திரத்துக்கு வருவான். அப்பா பிட்டர் என்றால் மகனுக்கும் ஒரு வழி கிடைக்கும். தோட்டத்தில் அப்பனும் பால்மரம், மகனும் பால்மரம். பட்டறையிலோ மகன் ஒரு படி மேலே போக முடிந்தது.

அந்தப் பட்டறையின் மதிப்பு எதிரிக்கும் தெரிந்திருந்தது. ஜப்பானியர் கையில் அது இருந்தபோது, 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதைத் தாக்கிப் பெரும்பகுதியை நாசமாக்கின. போருக்குப் பின் அதே கைகள்தான் மீண்டும் எழுப்பின.

இவ்வளவு திறமை இருந்தும் பெரும்பாலோர் நாள்கூலிக்காரர்கள். மாதச் சம்பளம் கேட்டு 1962 இறுதியில் ரயில்வே தொழிலாளர்கள் 22 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பணத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். "நான் கூலி அல்ல, தொழிலாளி" என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதும் அதில் இருந்தது என்பேன்.

இதற்கிடையில் 1957-இல் டீசல் இன்ஜின்கள் வந்துவிட்டன. கொதிகலன் வேலைக்கு மவுசு குறைந்தது. பிட்டரும் வெல்டரும் புதிய இன்ஜினுக்கு மாறிக்கொண்டார்கள்; ஒன்றை மட்டுமே அறிந்தவர்கள் தடுமாறினார்கள்.

இங்கேதான் நாம் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டோம். 1950-களில் எஃபிங்ஹாம் தோட்டம் பெட்டாலிங் ஜெயா ஆனது. 1960-களில் சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலாம் ஆகத் தொடங்கியது. 1972-இல் சுங்கைவேயில் சுதந்திர வாணிப மண்டலம் வந்தது. 1985-இல் ஷா ஆலாமில் புரோட்டான் கார் வெளிவந்தது. நம்மவர் பால் வெட்டிய மண்ணிலேயே தொழிற்சாலைகள்! ஆனால் தோட்டத்துப் பையனுக்குக் கற்றுத்தர அங்கே செந்தூல் பட்டறை இல்லை. சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு 1969 முதல் வேலை பெர்மிட் தொல்லை வேறு. தொழில் தெரிந்தவர்களிடம்கூடக் காகிதம் இல்லை. கைத்திறனைக் காட்ட முதலில் உள்ளே விட வேண்டுமே! வாசலில் கேட்டது சான்றிதழை.

இன்றைய பிள்ளைக்கு அந்தக் காகிதம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கோலாலம்பூர் கூச்சாய் லாமாவில் உள்ளது போன்ற அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்களில் வெல்டிங், இயந்திர வேலை, மின்சாரம் படிக்கலாம். மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளில் கிடைக்கிறது. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. 2005 முதல் நடக்கும் இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் பெரும்பகுதி நேரம் தொழிற்சாலையிலேயே கழிகிறது. செந்தூல் முறையோடு சான்றிதழும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டராக நுழைபவருக்கு 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதே இடத்தில் பத்து வருடம் நிற்காமல் டெக்னீஷியனாக மேலேற விரும்பினால், பெற்றோர் முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்துப் பிள்ளையை அனுப்பக் கூடாது.

இப்போது பழுதுபார்க்கும் வேலைகள் பத்து காஜாவுக்குப் போய்விட்டன. செந்தூல் ரயில்வே நிலத்தில் இருந்த பழைய கட்டடம் ஒன்று 2005 முதல் நாடக அரங்கமாக இயங்குகிறது.

இங்கே அமர்ந்திருக்கும் அண்ணன்மாருக்கும் ஒன்று. கிள்ளானில் பதினைந்து வருடமாகச் சான்றிதழ் இல்லாமல் வெல்டிங் செய்கிறவர் மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. செய்த வேலைகளின் ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்து, திறன் மேம்பாட்டுத் துறையின் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அனுபவத்தை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் முறை அங்கே இருக்கிறது.